அளவு நாடாவும் கூலிக் கணக்கும்

ஒரு சங்கத்தின் சொத்துப் பதிவேட்டை எடுத்துப் பார்ப்போமாயின், தறிகள், தராசு, இரும்புப் பெட்டி, மேசை நாற்காலி ஆகிய யாவற்றிற்கும் தனித்தனியே ஒரு வரி இருக்கக் காண்போம். அளவு நாடாவுக்கு மட்டும் வரி இராது. அது சில்லறைச் செலவினங்களுக்குள் மறைந்து கிடக்கும். ஆயினும் உறுப்பினர் ஒருவர் நெய்து கொண்டுவரும் துணிக்குச் சங்கம் எவ்வளவு கூலி தருவது, எதனை ஏற்பது, எதனைத் தள்ளுவது என்பவற்றையெல்லாம் முடிவு செய்வது அந்தச் சிறு நாடாவே. தராசுக்கு நாம் காட்டும் அக்கறையில் பாதியையேனும் நாடாவுக்குக் காட்டுகிறோமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தாம்பரம் வட்டாரத்தில் ஒரு சங்கத்திற்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தோம். 45 அங்குல அகலத்தில் படுக்கை விரிப்புகள் நெய்து தந்த முதிய உறுப்பினர் ஒருவருக்கு, அகலம் குறைவு என்று கூலியில் பிடித்தம் செய்யப்பட்டிருந்தது. ஒப்பந்தத்தில் 114 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. அலுவலகத்தில் அளந்தபோது 113 சென்டிமீட்டரைச் சற்றே கடந்து நின்றது. உறுப்பினரோ தம் வீட்டு எஃகு நாடாவில் சரியாக 45 அங்குலம் இருந்ததெனச் சாதித்தார். "ஐயா, என் கைத்தறி பொய் சொல்லாது. நாடாவைக் கேளுங்கள்" என்று அவர் கூறியது நம் செவியில் இன்னும் ஒலிக்கின்றது.

இரண்டு நாடாக்களையும் மேசைமீது அருகருகே விரித்துப் பார்த்தோம். அலுவலகத்து நாடா தையற்காரர் பயன்படுத்தும் துணி நாடா. பல்லாண்டுகள் இழுத்து இழுத்து அளந்ததனால் அது நீண்டுவிட்டிருந்தது. அதன் 150 சென்டிமீட்டர்க் கோட்டிற்கு நேராக எஃகு நாடாவில் 151½ இருந்தது. நூற்றுக்கு ஒன்று என்ற இந்தப் பிழைதான் 114.3 சென்டிமீட்டர்த் துணியை 113 ஆக்கிக் காட்டியது. நாடா நீண்டால் துணி குறைந்ததாகத் தோன்றும். நாடா சுருங்கினால் துணி மிகுந்ததாகத் தோன்றும். குற்றம் நாடாவினுடையது. தண்டனையோ நெசவாளருக்கு. நிர்வாகக் குழு பிடித்தத்தைத் திருப்பித் தரத் தீர்மானம் இயற்றியது என்பது ஆறுதல். ஆனால் அதற்கு முன் அந்த நாடாவினால் அளக்கப்பட்ட மற்றத் துணிகளின் கதை என்ன? அதற்கு விடை கூறுவார் எவருமில்லை.

நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டில் எடையளவுத் தரச் சட்டம் இயற்றப்பெற்றது. அடுத்த ஆண்டு, 1957 ஏப்ரல் முதல் தேதியன்று, அணாவும் தம்படியும் நீங்கி ரூபாய்க்கு நூறு பைசா என்ற கணக்கு வந்தது. பின்னர்ச் சேரும் ராத்தலும் மறைந்து கிலோகிராம் நிலைபெற்றது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் வந்த 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. இன்று வாணிகத்தில் விலை கூறுவதற்கும், பட்டியல் எழுதுவதற்கும், விளம்பரம் செய்வதற்கும் மீட்டர் ஒன்றே சட்டத்திற்கு உகந்த நீட்டலளவை. அங்குலத்திற்கும் கெஜத்திற்கும் அங்கே இடமில்லை.

அணா இவ்வளவு விரைவில் மறைந்ததே, அங்குலம் மட்டும் ஏன் மறையவில்லை? நாணயத்தை அரசாங்கம் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே பழைய கணக்கு தானே ஒழிந்தது. ஆனால் அங்குலம் மனிதர் நினைவில் மட்டும் இருக்கவில்லை, கருவியிலேயே இருக்கிறது. தறியின் அச்சை எடுத்துக்கொள்வோம். 72-ஆம் எண் அச்சு என்றால் இரண்டு அங்குலத்தில் 72 பற்கள் உள்ள அச்சு என்பது வழக்கு. பல்லுக்கு இரண்டு இழை கோத்தால் அங்குலத்திற்கு 72 பாவு இழை கிடைக்கும். இதையே சென்டிமீட்டரில் சொல்லப் புகுந்தால் 14.17 பற்கள் என்று வரும். எந்த அச்சுக்காரர் அப்படிச் சொல்வார்? நூலின் நம்பரும் அவ்வாறே. 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு ராத்தலுக்கு எத்தனை நிற்கின்றனவோ அதுவே நம்பர். 40-ஆம் நம்பர் நூல் என்றால் ராத்தலுக்கு 40 சிட்டம். ஊடை எண்ணும் கண்ணாடியும் ஓரங்குலச் சதுரமாகவே பெரும்பாலும் வருகின்றது.

எனவே நெசவாளரின் கையில் அங்குலமும், சங்கத்தின் பட்டியலில் சென்டிமீட்டரும் இருப்பது தவிர்க்க முடியாத நிலை. தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் அமைந்த ஏற்றுமதி மண்டலத்தைப் போன்ற இடங்களில் ஆயத்த ஆடை தைப்போரும் இதே இக்கட்டை அறிவர். அமெரிக்க வணிகர் அங்குலத்தில் கேட்பார். ஐரோப்பிய வணிகர் சென்டிமீட்டரில் கேட்பார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற நிலைமை இது. இந்த நிலைமைக்கு ஏற்ற கருவியே இரண்டு அளவுகளும் பொறித்த நாடா. அதனை வேண்டாமென்று விலக்குவது எளிது. ஆனால் நாடாவை விலக்கினால் நெசவாளர் மனக்கணக்குப் போடுவார். அந்த மனக்கணக்கில்தான் ஆபத்து இருக்கின்றது.

ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர். 1959-இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் சில கூடிச் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இதில் கூடுதல் குறைவு கிடையாது. ஆனால் நம்மவரிடையே "அங்குலத்திற்கு இரண்டரை" என்ற வாய்ப்பாடு வேரூன்றிவிட்டது. அதன் விளைவைப் பாருங்கள். 120 சென்டிமீட்டர் அகலம் வேண்டுமென்று ஆர்டர் வருகின்றது. நெசவாளர் இரண்டரையால் வகுத்து 48 அங்குலம் என்று கொள்கிறார். 48 அங்குலம் உண்மையில் 121.92 சென்டிமீட்டர். அகலத்தில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் மிகுதி. நூற்றுக்கு 1.6 பங்கு. நூறு மீட்டர் நெய்து தருபவர் ஒன்றரை மீட்டருக்கும் மேற்பட்ட துணியைக் கூலியின்றி நெய்து தருகிறார் என்பதே இதன் பொருள். நூலும் சங்கத்தினுடையது. ஆகவே நட்டம் இருவருக்கும். இதே தவற்றை மறுபக்கம் செய்தால், 48 அங்குலம் கேட்டவருக்கு 120 சென்டிமீட்டர் அனுப்பிச் சரக்கு திரும்பி வரும்.

நீளத்தில் வரும் தவறு இன்னும் கொடியது. நூறு கெஜம் என்பது 91.44 மீட்டர். ஒரு காலத்தில் கெஜத்திற்கு என்று வகுத்த கூலியை எவரேனும் அப்படியே மீட்டருக்கு என்று எழுதிவிட்டால், நெசவாளர் ஒவ்வொரு மீட்டரிலும் ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டருக்கு உரிய கூலியை இழப்பார். கெஜத்திற்கு நூறு ரூபாய் என்றால் மீட்டருக்கு 109 ரூபாய் 36 பைசா என்பதே நேர்மையான கணக்கு. பழைய கூலி விகிதங்களிலிருந்து புதிய விகிதம் வகுக்கும் நிர்வாகக் குழுவினர் இந்த எண்ணை மறத்தலாகாது.

அளவைக் குழப்பம் படிப்பறிவில்லாதாருக்கு மட்டும் நேர்வதென்று எண்ணவேண்டா. 1999-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கா செவ்வாய்க் கிரகத்திற்கு அனுப்பிய விண்கலம் ஒன்று அழிந்தது. கணக்கின் ஒரு பகுதி ராத்தல் விசையிலும், மற்றொரு பகுதி மெட்ரிக் விசையிலும் இருந்ததே காரணம். விண்வெளி வல்லுநர்க்கே அந்த நிலையென்றால், இரவு விளக்கொளியில் படமரத்தருகே குனிந்து அளக்கும் நம் உறுப்பினரை மட்டும் குறை கூறுவது தகுமா?

இனி, சங்கத்தின் நெசவுக் கூடத்திற்கு இரட்டை அளவு நாடா வாங்குங்கால் எவற்றைக் கவனிக்கவேண்டும் என்று பார்ப்போம்.

முதலாவது, இரண்டு அளவுகளும் ஒன்றோடொன்று உடன்படுகின்றனவா என்று கடையிலேயே சோதிக்கவேண்டும். இதற்குக் கணிதப் புலமை வேண்டா. 50 அங்குலம் சரியாக 127 சென்டிமீட்டர். 50 என்ற கோட்டிற்கு நேரே 127 என்ற கோடு நிற்கவேண்டும். 100 அங்குலத்திற்கு நேரே 254 நிற்கவேண்டும். மயிரிழை விலகினாலும் அந்த நாடாவை வைத்துவிட்டு வரலாம். தையல் நாடாவில் ஒருபுறம் 60 அங்குலமும் மறுபுறம் 150 சென்டிமீட்டரும் ஒரே முனையில் முடிவதுண்டு. 60 அங்குலமோ 152.4 சென்டிமீட்டர். ஆகவே இரண்டும் ஒரே இடத்தில் முடியுமாயின், இரண்டில் ஒன்று பொய் என்பது திண்ணம். எது பொய் என்று அறியாதவரை அந்த நாடா எதற்கும் உதவாது.

இரண்டாவது, நாடாவின்மீது அதன் துல்லிய வகுப்புப் பொறிக்கப்பட்டிருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். பன்னாட்டு நெறிப்படி ஒன்று, இரண்டு, மூன்று என ரோமானிய எண்களில் இது காட்டப்படும். ஐந்து மீட்டர் நாடா முதல் வகுப்பாயின் அதன் முழு நீளத்தில் 0.6 மில்லிமீட்டர் வரையிலும், இரண்டாம் வகுப்பாயின் 1.3 வரையிலும், மூன்றாம் வகுப்பாயின் 2.6 வரையிலும் பிழைக்கு இடமுண்டு. நெசவுக்கு இரண்டாம் வகுப்பே போதும். முதல் வகுப்பிற்கு மிகுபொருள் செலவிடத் தேவையில்லை. வகுப்பே பொறிக்காத நாடாவைச் சங்கம் வாங்கக்கூடாது. நம் நாட்டில் அளவு நாடாக்களுக்கென 1269 என்ற எண்ணுள்ள இந்தியத் தரநிலையும் உண்டு. அதன் முதற்பகுதி நெய்த நாடாக்களுக்கும் இரண்டாம் பகுதி எஃகு நாடாக்களுக்கும் உரியது.

மூன்றாவது, கோடுகளின் அமைப்பு. துணியின்மீது படியும் விளிம்பில் எந்த அளவு இருக்கின்றதோ அதையே கண் முதலில் வாசிக்கும். இடக்கையில் நாடாவின் முனையையும் வலக்கையில் பெட்டியையும் பிடித்து அளக்கும்போது, துணியைத் தொடும் விளிம்பில் சென்டிமீட்டர் இருப்பதே நன்று. அங்குலம் எதிர்விளிம்பில் ஒப்பிடுவதற்காக இருக்கட்டும். அங்குலம் 1, 2, 3 எனத் தொடர்ந்து ஓடவேண்டும். அடிக்கொருமுறை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும் நாடாவில் 45 அங்குலத்தை மூன்றடி ஒன்பது என்று வாசிக்க நேரும். வெளிநாட்டு நாடாக்கள் சிலவற்றில் 16 அங்குலத்திற்கு ஒருமுறை சிவப்புக் குறியும், 19.2 அங்குலத்திற்கு ஒருமுறை கறுப்பு வைரக் குறியும் காணப்படும். அவை அமெரிக்க மரவீடு கட்டும் தச்சர்க்கானவை. நமக்கு அவை கண்ணை மயக்குவதன்றி வேறு பயனில்லை. நில அளவை நாடாக்கள் சிலவற்றில் அடியைப் பன்னிரண்டாகப் பிரியாமல் பத்தாகப் பிரித்திருப்பர். அதனை அங்குலம் என்று வாசித்தால் கணக்கு முழுதும் கெடும்.

நான்காவது, முனைக்கொக்கி. எஃகு நாடாவின் முனையிலுள்ள கொக்கி சற்றே ஆடும். பழுது என்று எண்ணி அதனைச் சுத்தியால் தட்டி இறுக்கிவிடுவாரை நாம் கண்டிருக்கிறோம். அந்த ஆட்டம் கொக்கியின் கனத்தளவே அமைந்தது. மாட்டி இழுக்கும்போதும், சுவரில் முட்டி அளக்கும்போதும் சுழிக்கோடு சரியான இடத்தில் நிற்பதற்காகவே அவ்வாறு செய்துள்ளனர். அதை இறுக்கினால் ஒவ்வோர் அளவிலும் பிழை புகும். கொக்கி வளைந்துவிட்டாலோ நாடாவையே மாற்றவேண்டும்.

ஐந்தாவது, வெயிலைப் பற்றிய அச்சம். நாடாக்களின் அளவு 20 பாகை செல்சியசுக்கு உரியதாகக் குறிக்கப்படுகின்றது. நம் வட்டாரத்துக் கோடையில் 40 பாகை ஏறினால் ஐந்து மீட்டர் எஃகு நாடா ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுதியாக நீளும். துணி அளப்பதற்கு இது பொருட்படுத்தத்தக்கதன்று. அஞ்சவேண்டியது துணி நாடாவின் நீட்சியையே. மேலும் தறியில் விறைத்து நிற்கும்போது அளந்த அகலம், அறுத்து எடுத்துச் சற்று நேரம் ஓய்ந்தபின் குறையும். எங்கே, எப்பொழுது அளப்பது என்பதைச் சங்கமும் உறுப்பினரும் முன்னதாகவே ஒப்புக்கொள்ளவேண்டும்.

பயிர்த்தொழில் செய்யும் அன்பர்கள் இது தங்களுக்குரிய பேச்சன்று என்று தாளைப் புரட்டிவிட வேண்டா. பட்டாவில் நிலம் ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கின்றது. வாய்ப்பேச்சில் ஏக்கரிலும் சென்ட்டிலும் இருக்கின்றது. மனைத் தரகரிடமோ கிரவுண்டிலும் சதுர அடியிலும் இருக்கின்றது. "ஏக்கர் என்றால் நாற்பது ஏர்" என்று பலர் கூறக் கேட்கிறோம். உண்மையில் ஓர் ஏக்கர் 40.47 ஏர். விட்டுப்போகும் அந்தச் சிறு பின்னம் ஏறக்குறைய 504 சதுர அடி. 2400 சதுர அடி கொண்ட கிரவுண்டில் அது ஐந்திலொரு பங்கிற்கும் மேல். தாம்பரத்தைச் சுற்றி வயல்கள் மனைகளாகிவரும் இந்நாளில், ஐந்திலொரு பங்கு கிரவுண்டு என்பது எத்தகைய தொகை என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. நிலமளக்கும் நாடாவில் 50 அடிக்கு நேரே 15.24 மீட்டர் நிற்கின்றதா என்று பாருங்கள். தென்னங்கன்று நடுவதற்கு 25 அடியா 7½ மீட்டரா என்று வாதிடவேண்டா. இடைவெளி நாலைந்து அங்குலந்தான். அங்கே எதைக் கொண்டாலும் மரம் வளரும். ஆனால் எல்லைக்கல்லுக்கு அந்தத் தாராளம் ஆகாது. எந்த இடத்தில் துல்லியம் வேண்டும், எந்த இடத்தில் வேண்டா என்று அறிவதும் அளவையறிவே.

நாடாவை விற்பனைக் கூடத்திற்கும் நெசவுக் கூடத்திற்கும் பொதுவாக வைக்கக்கூடாது என்பது நம் திடமான கருத்து. வாடிக்கையாளருக்கு அளந்து தரும் மேசையில், சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை பெற்ற மீட்டர்க் கோலோ நாடாவோதான் இருக்கவேண்டும். நம் மாநிலத்தில் அந்தப் பணி தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்களிடம் உள்ளது. இரட்டை அளவு நாடா கூடத்தினுள்ளே, தறிக்கும் ஆர்டர்த் தாளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக இருக்கட்டும். விற்பனை மேசைக்கு அது வரலாகாது.

அங்குலத்தை இன்றே ஒழித்துவிடவேண்டும் என்பார் சிலர். அச்சும் நூல் நம்பரும் மாறாதிருக்க, நாடாவை மட்டும் மாற்றுவதால் பயனில்லை என்று அவர்க்குச் சொல்லுவோம். இருப்பது இருக்கட்டும், இத்தனை காலம் நடக்கவில்லையா என்பார் வேறு சிலர். நடந்தது உண்மை. யார் தலையில் நட்டம் விழுந்தது என்பதை மட்டும் அவர்கள் எண்ணிப்பார்க்கவேண்டும். முழக்கோலில்லாமல் கையால் முழம் போடும் பூக்கடையில், கை நீண்டவரிடம் வாங்கினால் நமக்கு லாபம். அது பூவோடு போகும். சங்கமோ உறுப்பினருடையது. அங்கே அளப்பவர் கைக்கேற்ப முழம் மாறக்கூடாது.

ஆகவே அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் பின்வருமாறு தீர்மானிக்கலாம் என்று வேண்டுகிறோம். சங்கத்தின் நாடாக்கள் யாவும் சொத்துப் பதிவேட்டில் எண்ணிட்டு எழுதப்படட்டும். ஒரே வகையான, இரண்டாம் வகுப்பு எஃகு நாடா அலுவலகத்திற்கும், தறி வைத்திருக்கும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் வழங்கப்படட்டும். ஆர்டர்த் தாளில் அளவு சென்டிமீட்டரில் எழுதப்பட்டு, நெசவாளருக்கான சீட்டில் அதற்கு நேரான அங்குலமும் சங்கத்தாராலேயே கணக்கிட்டு எழுதப்படட்டும். இரண்டரையால் வகுக்கும் வேலை எவருக்கும் வேண்டா. எவ்வளவு கூடுதல் குறைவு ஏற்கப்படும் என்பதும் அதே சீட்டில் இருக்கட்டும். ஆறு மாதத்திற்கொருமுறை அலுவலக நாடாவை முத்திரையிட்ட மீட்டர்க் கோலோடு உறுப்பினர் முன்னிலையில் ஒப்பிட்டுப் பதிவு செய்யட்டும். அளவுக் குறைவுக்காகக் கூலி பிடிக்குமுன், உறுப்பினரின் நாடாவையும் சங்கத்தின் நாடாவையும் அருகருகே விரித்துப் பார்ப்பது கட்டாயமாகட்டும்.

இதற்காகும் செலவு, ஒரு முறை தள்ளப்பட்டுத் திரும்பிவரும் சரக்கின் வண்டிக் கூலிக்கும் ஈடாகாது. அந்த முதியவரின் சங்கத்தில் இப்பொழுது பழைய துணி நாடாவை ஆணியில் மாட்டி, "இதனால் அளக்கக்கூடாது" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதனைக் கழற்றி எறியாமல் அங்கேயே வைத்தது நல்லதென்றே நமக்குத் தோன்றுகின்றது. கூலி வாங்க வரும் ஒவ்வொருவரும் அதைப் பார்க்கிறார்கள். கூலி கொடுக்க அமர்ந்திருப்பவரும் பார்க்கிறார்.